கோப்பை கழுவும் மெஷினுக்குக் காய்ச்சல்

கனடாப் பிள்ளைகள் வாங்கிக்கொடுத்த கோப்பை கழுவும் மெஷின், வெள்ளவத்தை பிளாட்டுகளில் பெரும்பாலும் சட்டி அலுமாரியாகவே காலம் தள்ளும். தப்பித்தவறி ஓடினால், வெப்பநிலை சென்சர் கோளாறென்று நின்றுவிடும். சென்சர் என்பது சின்னத் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் தடை குறையும். பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தால், பல மாடல்களில் 25 பாகை செல்சியஸில் 10 கிலோ ஓம் அளவு காட்டவேண்டும். முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. சரியாகக் காட்டினால் வயர் இணைப்பைப் பாருங்கள்: கடற்காற்றின் உப்பு அங்கே அட்வான்ஸ் கட்டாமலே குடியேறியிருக்கும். திருத்த வருபவரோ மீட்டரையே எடுக்கமாட்டார். "போர்ட் மாத்தோணும் அன்ரி" என்பார், கதவடியில் நின்றபடியே. அன்ரிக்கு அவசரமில்லை. எப்போதும் கையால் கழுவித் துடைத்த கோப்பைகளைத்தான் அதற்குள் அடுக்குகிறார்.