வாளையாற்றுக்கு அப்பால் அதிர்ஷ்டம்

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு பஸ் ஏறினால், வாளையாறு வரை லாட்டரி சமூகத் தீமை. சோதனைச்சாவடி தாண்டியதும் அதுவே அரசாங்க வருமானம். கேரளம் 1967 முதல் தானே சீட்டடித்து விற்கிறது. ஒரு சீட்டுக்குக் ‘காருண்யா’ என்றே பெயர். நாமும் 1968இல் ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று விற்றவர்கள்தான். 2003இல் தடை போட்டோம்.

குதிரைப் பந்தயத்துக்குத் தடைக் கவலை இப்போது இல்லை. அது சூதல்ல, திறமை என்று 1996இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. திறமை குதிரைக்கா, ஜாக்கிக்கா, கிண்டியில் சம்பளத்தைக் கட்டியவருக்கா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ரம்மிக்கும் 1967இலேயே திறமைப் பட்டியலில் இடம் கிடைத்தாயிற்று. ஆனாலும் அரசமரத்தடியில் காசு வைத்துச் சீட்டாடும் நாலு பேரை ஜீப் வந்து அள்ளிக்கொண்டுதான் போகிறது. பாவம், கையில் சீட்டுக்கட்டு இருந்தது. தீர்ப்பு நகல் இல்லை.