முதிர்ந்த கோப்பு

பிரான்சின் கோன்யாக் ஊர்க்காரர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. திராட்சை ஒயினைச் செப்புக் கொப்பரையில் இருமுறை காய்ச்சிக் கோன்யாக் பிராந்தியாக வடித்து, ஓக் பீப்பாயில் போட்டுவைக்கிறார்கள். எக்ஸ்.ஓ. என்று லேபிள் ஒட்ட, 2018-இல் வந்த விதிப்படி குறைந்தது 10 ஆண்டு ஊற வேண்டுமாம். பத்தே பத்து!

டெல்லி ஆர்.கே.புரத்தின் அரசு அலுவலகமொன்றில், இரும்பு பீரோவில் கிடக்கும் ஓய்வூதியக் கோப்பு அதை எப்போதோ தாண்டிவிட்டது. அவர்கள் சரக்கில் வனிலா, உலர்பழ வாசமாம். இதை முகர்ந்து பாருங்கள்: அந்துருண்டை, பழைய கோந்து, ஓரத்தில் லேசாகச் சமோசா எண்ணெய்.

பீப்பாயிலிருந்து ஆவியாவதைத் ‘தேவதைகளின் பங்கு’ என்கிறார்கள். இங்கேயும் வருஷத்துக்குச் சில தாள்கள் மறைகின்றன. தேவதைகள் எந்தப் பிரிவு என்று கேட்பது நாகரிகமல்ல.

பாட்டிலில் அடைத்ததும் கோன்யாக் முதிர்வது நின்றுவிடும். நம் கோப்பைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். அங்கேயும் முதிர்கிறது.