மாமாவும் கோப்பி ஓவும்

எங்கள் வீட்டில் கோப்பிதான், காப்பி கிடையாது. இந்த எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கென்றே கும்பகோணத்திலிருந்து என் மனைவியின் தாய்மாமா மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து இறங்கினார். பெட்டியில் வேட்டி இரண்டு, பித்தளை பில்டர் ஒன்று, டபரா டம்ளர் ஒரு ஜோடி, அரைக் கிலோ பொடி. எங்களுக்கு என்று எதுவும் இல்லை.

"அதென்ன மாப்ளே கோப்பி? மலாய்க்காரங்க சொல்றதையே நீங்களும் சொல்றீங்க."

"யாழ்ப்பாணத்துலயும் கோப்பிதான் மாமா."

"அங்க டச்சுக்காரன் ஆண்டான். உங்களுக்கு என்ன கேடு?"

கேடு காப்பிச் செடிக்குத்தான் முதலில் வந்தது. 1869இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் விழுந்தது. பிழைப்புப் போன துரைமார்களில் சிலர் மலாயாவுக்குக் கப்பலேறி, பேராவிலும் சிலாங்கூரிலும் காப்பி போட்டுப் பார்த்தார்கள். நம் சனங்களைக் கடல் தாண்டி இழுத்ததில் அந்தச் செடிக்கும் பங்குண்டு. 1890களில் பிரேசில்காரர்கள் காப்பியை மலைமலையாய்க் கொட்ட, விலை விழுந்தது. இங்கே செடியைப் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டார்கள். 1877இல் வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது ஊன்றப்பட்டது எங்கள் பக்கத்து ஊரான கோலகங்சாரில். அப்புறம் எங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்த இடமெல்லாம் பால்மரம்.

விசேஷம் என்னவென்றால், நாளெல்லாம் பால் வெட்டிய எங்கள் குடும்பத்தில் கோப்பிக்குப் பால் டின்னில்தான் வந்தது. பாட்டி விடியக்காலை நாலரைக்கு எழுந்து, டின்பாலின் தலையில் கத்தி முனையை வைத்து உள்ளங்கையால் ஒரு குத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு குத்து விடுவாள். ஒரு ஓட்டை பால் வர, மற்றது காற்றுப் போக. ஊற்றி முடித்ததும் டின்னைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் நிறுத்துவாள். எறும்புக்கு அகழி. அந்த அகழியைத் தாண்டி ஓட்டையை நக்கிய ஒரே ஜீவன் நான்தான். தோட்டத்துப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகும்போது பாட்டி எடுத்துக்கொள்வது ஒரு போத்தல் வரக்கோப்பி. அதற்கு மூடி, சுருட்டிய துணி. காலி டின்னும் வீணாகாது. கயிறு கட்டிக் கோப்பிக்கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரத் தவுக்கே அதில் கோப்பி ஊற்றித் தருவார். ஆறுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று நான் ஓட, பாதி என் காலில் ஊற்றும்.

இப்படி வளர்ந்த நாக்கு எனக்கு. மாமாவின் டிகிரி காப்பியை முதல் நாள் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, சப்புன்னு இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன். இரண்டு நாள் பேச்சில்லை.

சமாதானத்துக்கு மூன்றாம் நாள் பசியாற அவரை டவுனில் ஒரு கோப்பிக்கடைக்கு அழைத்துப் போனேன். அங்கே கோப்பி கேட்பதற்கு இலக்கணம் உண்டு. சும்மா 'கோப்பி' என்றால் டின்பால் போட்டது. 'ஓ' சேர்த்தால் பாலில்லாதது. 'கோசோங்' என்றால் சர்க்கரையும் இல்லை. 'சீ' என்றால் இனிப்பில்லாத டின்பாலும் சர்க்கரையும். 'பேங்' ஐஸ். 'காவ்' கெட்டி. 'சாம்' என்றால் கோப்பியும் தேத்தண்ணியும் ஒரே குவளையில் குடித்தனம் நடத்துவது. 'கோப்பி ஓ கோசோங் பேங்' என்று கேட்பவன் மலாய், ஹொக்கியன், மலாய், ஹொக்கியன் என்று நாலு படி தாவுகிறான். முன்னால் 'தவுக்கே, ஒன்னு' என்று சேர்த்தால் தமிழும் வந்துவிடும். புணர்ச்சி விதி மட்டும்தான் பாக்கி.

"வெள்ளைக் கோப்பின்னு போட்டிருக்கே, பால் நிறையவா?" என்றார் மாமா.

"இல்ல மாமா, வறுக்கிற பக்குவம். கறுப்புக்குச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டுக் கருக வறுப்பாங்க. இதுக்கு மார்ஜரின் மட்டும். ஈப்போ பழைய டவுன்ல பிறந்தது."

பழைய டவுன் கோப்பி. தொல்காப்பி என்று சொல்லிப் பார்த்தேன். மாமா சிரிக்கவில்லை. "காப்பிக்கொட்டையை மார்ஜரின்ல வறுக்கிறதா?" என்பதிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தவுக்கே, நீளமாகத் தொங்கிய ஒரு பழுப்புத் துணிப்பையைக் கெண்டிக்குள் இறக்கி வெந்நீர் ஊற்றினார். கம்பி வளையத்தில் கட்டிய பை. நிறம், நீளம், தொங்கல் எல்லாம் அசல் காலுறை.

"மாப்ளே! சாக்ஸ்ல வடிகட்டறான்!"

தவுக்கே திரும்பிப் பார்த்து, "புதுசு அண்ணே, போன மாசம்தான் வாங்கின" என்றார் தமிழில். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

மாமாவைத் திசைதிருப்ப எனக்குத் தெரிந்த உலகத்தையெல்லாம் இறக்கினேன். எத்தியோப்பியாவில் வீட்டுக்கு வந்தவர் முன்னாலேயே கொட்டையை வறுத்து இடித்து மூன்று சுற்று ஊற்றுவார்களாம். ("வேலை வெட்டி இல்லாதவங்க.") அரபு வீடுகளில் போதுமென்றால் கோப்பையை ஆட்டிக் காட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்களாம். ("அது மரியாதை.") துருக்கியில் பெண் பார்க்கப் போனால் மாப்பிள்ளைக்கு மட்டும் உப்புப் போட்ட காப்பி, முகம் சுளிக்காமல் குடித்தால் தேறினான் என்று அர்த்தமாம். இதற்கு மட்டும் மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் பெண் வீட்டார் அந்தச் சோதனையை வைக்காமல் விட்டது அவருக்கு வருத்தம் போலிருக்கிறது.

கோப்பி வந்தது. தடித்த பீங்கான் கோப்பை, அடியில் சாசர், கொதிக்கிற சூடு. மாமாவின் கை தன்னிச்சையாக டபராவைத் தேடியது. இல்லை. ஒரு நொடி தயங்கிவிட்டுச் சாசரில் ஊற்றி, ஊதி, உறிஞ்சினார். பக்கத்து மேசைச் சீனத் தாத்தா அதைப் பார்த்துவிட்டு, தன் கோப்பையையும் சாசரில் கவிழ்த்து ஊதினார். இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது சாசர் முடிந்ததும் மாமா மேல்துண்டால் வாயைத் துடைத்தார்.

"இது காப்பி இல்ல மாப்ளே."

"இல்லதான் மாமா."

"கோப்பின்னு வேணா சொல்லலாம். இன்னொன்னு சொல்லு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த சாக்ஸைக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி நின்னு வடிக்கச் சொல்லு."