அண்டாவுல காப்பி வெக்கற மாப்ளைக்கு

மின்சாரக் கார் வாங்கறீங்களாமா மாப்ளே, ரொம்பச் சந்தோசம். வண்டி இன்னும் வாசலுக்கு வரலே. அதுக்குள்ள "ஒருக்கா சார்ஜ் போட்டா 315 போகுமாமா"ன்னு டீக்கடை வரைக்கும் பேச்சு ஓடீருச்சு. அந்த வகையில உங்க வண்டி இப்பவே நல்லா ஓடுது. நானும் ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. நீங்க தினம் எத்தன கிலோமீட்டர் போறீங்க?

பாருங்க, விட்டத்தைப் பாக்கறீங்க. வண்டி எத்தன போகும்னு தெரிஞ்ச ஆளுக்கு, தான் எத்தன போறோம்னு தெரியல. சரி, மாமன் சொல்றேன். பல்லடத்துல இருந்து திருப்பூர் போக 15, வர 15. பள்ளிக்கொடம், சந்தை, மாமியார் ஊடுன்னு ஒரு 10. ஆக 40. மாசம் 25 நாளுக்கு ஆயிரம் கிலோமீட்டர். உங்க சாம்ராச்சியமே அவ்வளவுதானுங்க.

அந்த 315 பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். படிச்சவங்க சோதிச்சுச் சொன்ன கணக்கு. 2022 செப்டம்பர்ல டாடா டியாகோ மின்வண்டி வந்தப்ப ரெண்டு அளவுல பேட்டரி வெச்சாங்க, 19.2 யூனிட்டு ஒண்ணு, 24 யூனிட்டு ஒண்ணு. கிலோவாட் மணின்னு அவங்க சொல்றது வேற ஒண்ணுமில்ல, கரண்டு அட்டையில நமக்கு எழுதற அதே யூனிட்டுத்தான். சின்னதுக்கு 250, பெருசுக்கு 315ன்னாங்க. 315-ஐ 24-ஆல வகுங்க. யூனிட்டுக்கு 13 கிலோமீட்டர் வருதா? அது சோதனைக்கூடத்துல உருளை மேல நிறுத்தி, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாம, ஏசி போடாம ஓட்டற ஓட்டம். காத்தில்ல, மேடில்ல, பின்சீட்டுல உங்க ஒறம்பரையும் இல்ல. நீங்க சித்திரை வெயில்ல ஏசி போட்டுக்கிட்டு, லாரியை முந்தோணும்னு மிதிப்பீங்க. யூனிட்டுக்கு 8 வெச்சுக்குங்க, மோசம் போக மாட்டீங்க.

8-ன்னா பெருசு 192 போகும், சின்னது 153. சுத்தமாத் தீர்ற வரைக்கும் யாரும் ஓட்டறதில்ல, அடியில அஞ்சுல ஒரு பங்கை விட்டுருங்க. எட்டு வருசத்துல இன்னொரு அஞ்சுல ஒரு பங்கு தேஞ்சுபோச்சுன்னும் வெச்சுக்குங்க. அப்பவும் சின்ன பேட்டரி 98 கிலோமீட்டர் போகும். உங்களுக்கு வேண்டியது 40. தேஞ்சுபோன கிழட்டுப் பேட்டரியிலயே ரெண்டு தடவ திருப்பூர் போயிட்டு வரலாமுங்க. பொறகு எதுக்குப் பெருசு?

தெரியுமுங்க, திருச்செந்தூர். வருசத்துக்கு ஒருக்கா குடும்பத்தோட போகோணும். நல்ல காரியம். ஆனா திருச்செந்தூர் இங்கிருந்து 300-க்கு மேல. சின்ன பேட்டரியும் நடுவழியில நிக்கும், பெரிய பேட்டரியும் நடுவழியில நிக்கும். சின்னது இன்னொரு தடவ சேத்து நிக்கும், அத்தனதான். அந்த ஒரு டீ குடிக்கற நேரத்தை மிச்சம் புடிக்கறதுக்கு மேல பணம் கட்டி, அந்தப் பாரத்தை மீதி நாளெல்லாம் திருப்பூருக்குச் சுமந்துக்கிட்டுப் போறது எப்படின்னா, வருசத்துக்கு ஒரு விருந்து வெக்கறோம்னு அண்டா வாங்கி, தினம் காலையில அதுலயே காப்பி வெக்கற மாதிரி. வையுங்க. காப்பி ருசியாத்தான் இருக்கும்.

ஊட்டியா? அதையும் பாத்துருவோம். மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏத்தம். வண்டியும் நாலு பேரும் சேந்தா ஒண்ணரை டன் கிட்ட வரும். அத்தன பாரத்தை அத்தன ஒசரம் தூக்கறதுக்கு மட்டும் 8 யூனிட்டுக் கிட்டத் தின்னுரும். சக்கரம் உருள்றதுக்கு ஆகறது தனி. சின்ன பேட்டரியில பாதிக்கு மேல மலைக்கே காணிக்கை. இறங்கறப்ப கொஞ்சம் திரும்பி வரும், முழுசும் வராது. அதனால மேட்டுப்பாளையத்துலயே ஒருக்கா சார்ஜ் போட்டுக்கிட்டு ஏறுங்க.

2001-ல பெங்களூருல ரேவான்னு ஒரு குட்டி மின்கார் வந்துச்சு. ஈய பேட்டரி, கம்பெனி சொன்னதே 80 கிலோமீட்டர். அதை வாங்கி ஜி-விஸ்னு பேர் வெச்சு லண்டன் பட்டணத்துக்காரங்க ஆபீசு போயிட்டு வந்தாங்க. லண்டனுக்கே 80 பத்திச்சு. பல்லடத்துக்கு 315 பத்தலைங்கறீங்க.

இப்பக் காசுக்கு வருவோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 17 குடுத்தா, லிட்டர் 100 ரூபாய்னு வெச்சாலும் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 90 காசு. மின்வண்டிக்கு யூனிட்டுக்கு 8-ங்கறது பேட்டரியில இருந்து. சுவத்துல இருந்து பேட்டரிக்குப் போற வழியில கொஞ்சம் சேதாரம் உண்டு, 7 வெச்சுக்குங்க. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு இலவசம்ங்கறதை நெனச்சு மனசுக்குள்ள சிரிக்காதீங்க. அதை உங்க ஊட்டு ஃப்ரிட்ஜும் மிக்சியும் எப்பவோ தின்னு முடிச்சாச்சு. காருக்குப் போற யூனிட்டெல்லாம் மேல் படியில ஏறும், 500-ஐத் தாண்டினா வீதமே மாறும். யூனிட்டு 9 ரூபாய்னு போடுங்க. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 30 காசு. மிச்சம் 4 ரூபாய் 60 காசு.

பெட்ரோல் வண்டியை விட மின்வண்டிக்கு 3 லட்சம் கூடக் குடுக்கறீங்கன்னா, அதை எடுக்க 65,000 கிலோமீட்டர் ஓட்டோணும். நீங்க மாசம் ஆயிரம் ஓட்டற ஆளு, அஞ்சரை வருசத்துல கைக்கு வந்துரும். உங்க சித்தப்பா மாசம் 300 ஓட்டறாரு, அவரும் வாங்கறாராமா. அவருக்கு 18 வருசம். "சிக்கனத்துக்கு வாங்கறேன்"னு சொல்றாரு பாருங்க, அந்தச் சிக்கனம் பலிக்கறதுக்குள்ள பேரன் லைசென்சு எடுத்துருவான்.

பேட்டரி செத்தா என்ன பண்றதுன்னுதானே ராத்திரி தூக்கம் வரலே? 2024-ல பேட்டரி வெல உலகச் சராசரி யூனிட்டுக்கு 115 டாலர்னு ப்ளூம்பெர்க் என்இஎஃப்ங்கற ஆராய்ச்சிக் கம்பெனி கணக்கு சொல்லுது. 2010-ல ஆயிரம் டாலருக்கு மேல இருந்த சாமான். 24 யூனிட்டுக்குப் பாத்தா ரெண்டேகால் லட்சத்துக்கு மேல, அதும் ஆலை வாசல் விலை. கடைக்காரர் லாபம், மாட்டற கூலி எல்லாம் சேரும். சர்க்காரும் கெட்டிக்காரங்க. காரோட சேந்து வந்தா பேட்டரிக்கும் 5 சதவீதந்தான் ஜிஎஸ்டி, தனியா வந்தா 18. அதனால 3 லட்சம்னே வெச்சுக்குங்க.

டியாகோவுக்கு எட்டு வருசம் இல்ல 1,60,000 கிலோமீட்டர், எது முந்துதோ அதுவரைக்கும் உத்தரவாதம்ங்கறாங்க. அதைக் கேட்டதும் தலையாட்டீட்டு வந்துறாதீங்க. எத்தன சதவீதத்துக்குக் கீழ போனா மாத்திக் குடுப்பீங்க, முழுசா மாத்துவீங்களா, கெட்ட பாகத்தை மட்டுமான்னு எழுத்துல வாங்கோணும். நிசான் லீஃப்புன்னு ஒரு கார், 24 யூனிட்டு, நீங்க ஆசைப்படற அதே அளவு. பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கெடையாது. அமெரிக்காவுல ஃபீனிக்ஸ் வெயில்ல 2012-லயே தேஞ்சுபோச்சுன்னு வாங்கினவங்க வழக்குக்கே போனாங்க. பொறகுதான் கம்பெனி கொள்ளளவு குறைஞ்சாலும் பொறுப்புன்னு எழுதிக் குடுத்துச்சு. டியாகோவுல திரவத்தால குளிர்விக்கற ஏற்பாடு இருக்குது. இருந்தாலும் நம்ம வெயிலும் லேசுப்பட்டதில்ல, வண்டியை வேப்பமர நெழல்ல நிறுத்துங்க. காசா பணமா?

பேட்டரியை வாடகைக்கு எடுத்துக்கலாம்ங்கறது இன்னொரு வழி. 2024-ல எம்ஜி காமெட்டுக்கு அப்படி வெச்சாங்க. அப்ப முழுசா வாங்கினா 6.99 லட்சத்துல ஆரம்பம், பேட்டரி வாடகைன்னா 4.99 லட்சம், அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 2.50. மலிவாத் தெரியுதா? வித்தியாசம் 2 லட்சம், அதை 2.50-ஆல வகுங்க, 80,000 கிலோமீட்டர். அதுக்கு முன்னாடியே வண்டியை வித்துப்போடற ஆளுக்கு நல்லது. அதைத் தாண்டி ஓட்டற ஆளு, ஓட்ட ஓட்டக் கட்டிக்கிட்டே இருப்பாரு. ஓடினாலும் ஓடலீன்னாலும் மாசம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டோணும்னு ஏதாச்சும் விதி இருக்குதான்னு மட்டும் கண்ணாடி போட்டுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

ஆகமொத்தம், சின்ன பேட்டரியே வாங்குங்க மாப்ளே. திருச்செந்தூருக்கு வாடகை வண்டி புடிங்க, நானும் வர்றேன். எட்டு வருசத்துக்குப் பொறகும் இதே வண்டியை ஓட்டறதா இருந்தா, பேட்டரி 1,60,000 கிலோமீட்டர் தாங்கும்னு வெச்சு 3 லட்சத்தை அதால வகுத்தா வர்றது 1 ரூபாய் 87 காசு. கிலோமீட்டருக்கு 2 ரூபாய்னு மாசாமாசம் எடுத்து வெச்சுட்டு வாங்க. பேட்டரி வெல இன்னும் எறங்கினா பணம் மிஞ்சவே செய்யும். உங்க கையில காசு தங்காதுங்கறது ஊரறிஞ்ச விசயம், அதனால மாசம் 2,000-த்தை என்கிட்டயே குடுத்து வைங்க. அசலைப் பைசா குறையாம நான் தர்றேன். வட்டியைப் பத்தி நாம பேசிக்க வேண்டாம், நமக்குள்ள என்னுங்க கணக்கு?