விருப்பப் பட்டியல்

பிளஸ் டூ மதிப்பெண் வெளியான தினத்திலிருந்து பொறியியல் கலந்தாய்வு முடியும் தினம் வரையில், கணித சாஸ்திரத்தில் தமக்குள்ள பாண்டித்தியத்தைப் பிரகடனம் செய்யாத குடும்பஸ்தர் எவரையும் தமிழ்நாட்டில் காண்பது அரிது. கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 என்று மதிப்பெண்களைச் சுருக்கி, 200-க்குக் ‘கட் ஆஃப்’ கண்டுபிடிக்கும் வித்தை, மளிகைப் பாக்கியைக்கூடச் சரியாகக் கூட்டத் தெரியாதவர்களுக்கும் அந்தப் பருவத்தில் கைவந்துவிடுகிறது.

கோவில்பட்டியிலிருக்கும் என் தங்கை மகளுக்குக் கட் ஆஃப் அமோகமாக வந்துவிட்டபடியால், தாய்மாமன் என்ற ஹோதாவில் நானும் ஆலோசனைச் சபைக்கு அழைக்கப்பட்டேன். மாப்பிள்ளை நீளக் கணக்கு நோட்டின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிக் கல்லூரியையும், மறுபக்கம் தெருமுனைக்கே பஸ் அனுப்பும் சுயநிதிக் கல்லூரி ஒன்றையும் எழுதியிருந்தார். கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் கிண்டியே லாபம். முதல் பட்டதாரிச் சலுகையும் உண்டு. அந்தச் சலுகைக்குத் தாய்மாமன் வாங்கிய பட்டம் ஒரு பொருட்டே அல்ல என்று கேட்டபோது எனக்குச் சிறிது மனத்தாங்கல்தான்.

ஆனால் மாப்பிள்ளை கட்டணத்தோடு நிற்பவர் அல்லர். விடுதிக்கு, மெஸ்ஸுக்கு, தீபாவளி பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து போக, மகளைக் காணாமல் தாய் ஏங்கினால் அவளை அழைத்துச் செல்ல, சென்ற இடத்தில் வெறுங்கையோடு திரும்பலாகாது என்று தி. நகரில் புடவை எடுக்க என வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர், புடவைக்கு மட்டும் தொகை போடாமல் என் தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

அடுத்துப் பொருத்தம் பற்றிய விசாரணை. பாட்டிக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் நிற்கும் பஸ்ஸே பொருத்தம். தங்கைக்கு விடுதிக் குழம்பின் காரம் பற்றிக் கவலை. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் படிப்பைத் தவிர வேறு படிப்பு உலகில் இல்லை. எனக்கோ, சென்னைக்குப் போக வருஷத்துக்கு நாலு தரம் கௌரவமான காரணம் வாய்க்குமே என்ற அந்தரங்க சந்தோஷம். படிக்கப் போகிறவளின் அபிப்பிராயத்தைத் தவிர மற்றெல்லாம் சபையில் விஸ்தாரமாக அலசப்பட்டன.

அவளோ மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவள், “அப்பா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க” என்றாள். கூட்டல் மும்முரத்தில் இருந்த மாப்பிள்ளை அதை உரக்க வாசித்த கையோடு, கிண்டிப் பக்கத்திலேயே குறித்தும் கொண்டார். சற்று நேரத்தில் கூட்டுத்தொகை பல லட்சம் எகிறி, “மச்சான், வீட்டை வித்தாலும் கட்டாது!” என்று அவர் அலறியபோதுதான் உண்மை வெளியாயிற்று.

“அது செலவு இல்லப்பா, ஓ.டி.பி. அஞ்சு மணியோட கெடு முடியுதுல்லா, அதான் பட்டியலை உறுதி பண்ணிட்டேன். எத்தனை காலேஜ் வேணும்னாலும் எழுதலாம் மாமா, வரிசைதான் முக்கியம். முதல்ல கிண்டி, சிவில். எனக்குப் பாலம் கட்டணும்.”

மாப்பிள்ளை மௌனமாக ஓ.டி.பி.யைக் கழித்துப் பார்த்தார். எஞ்சிய தொகை, காலையிலிருந்து அவரைப் பயமுறுத்திய அதே தொகைதான், ஆயினும், “பரவாயில்லையே, இவ்வளவுதானா?” என்று சொல்லிவிட்டு, புடவைக்கும் ஒரு தொகையைத் தாராளமாகவே எழுதினார்.