சமத்துவம், சைஸ் 24

"சார், இந்தச் சட்டை செல்லாது. கட்டம் மாறிடுச்சு."

ரூபாய் நோட்டைத்தான் இந்த நாட்டில் செல்லாது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். ராத்திரியோடு ராத்திரியாகச் சட்டைக்கும் அந்தக் கதி வரும் என்று நினைக்கவில்லை. என் பேரன்களில் பெரியவன் ஒன்றாம் வகுப்பில் போட்ட மூன்று சட்டைகளை மருமகள் துவைத்து, மடித்து, அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தாள். சின்னவன் ஒன்றாவது போகும்போது ஆகும் என்பது அவள் கணக்கு. பித்தான்கூடக் கழலவில்லை. கவுன்டரில் இருந்த பெண் புதுச் சட்டையை எடுத்துப் பக்கத்தில் விரித்துக் காட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடிக் கண்டுபிடித்தேன். பழைய கட்டத்தில் நீலக் கோடு மூன்று. புதியதில் நான்கு.

மே மாதக் கடைசி, பள்ளிக்கூடக் கலையரங்கு. மேடையில் கலைமகள் படம், படத்துக்குக் கீழே பில் போடும் மிஷின். கையில் டோக்கன். பையனுக்கு வாங்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் தந்தார்கள்: வழக்கமான சீருடை இரண்டு, புதன்கிழமைக்கு வெள்ளைச் சீருடை ஒன்று, விளையாட்டு நேரத்துக்கு ஹவுஸ் நிறத்தில் டி-ஷர்ட், பள்ளிக்கூட முத்திரை பொறித்த பக்கிள் வைத்த பெல்ட், எலாஸ்டிக் டை, விளிம்பில் கோடு போட்ட சாக்ஸ், கறுப்பு ஷூ, வெள்ளை ஷூ. என் கல்யாணத்துக்கு இத்தனை உருப்படி எடுக்கவில்லை. பெல்ட்டாவது வெளியே கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "பக்கிள் இங்கதான் சார் கிடைக்கும்" என்றாள். பாவம், அவளிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது. அவள் போட்டிருந்ததும் ஒரு சீருடைதான்.

பட்டியலின் தலைப்பில் தடித்த எழுத்தில் ஒரு வரி. மாணவர்களிடையே ஏற்றத்தாழ்வு அற்ற சமத்துவ உணர்வை வளர்ப்பதே சீருடையின் நோக்கமாம். அடியில் இன்னொரு வரி: வாங்கிய பொருள் திரும்பப் பெறப்படாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் உண்மை விளங்கிவிடும்.

சமத்துவம் என்ற சொல்லை இவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். திருடிய இடம் தெரியும் என்பதால்தான் இத்தனை எரிச்சல். காமராஜர் காலத்தில், 1956-ல் மதிய உணவு தொடங்கி ஊர் ஊராகப் பரவியபோது, பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, ஊராரிடமே கேட்டு வாங்கிக் கரும்பலகையும் நாற்காலியும் சேர்த்தார். சீருடையும் அந்தக் காலத்தில் அந்த வழியாகத்தான் ஏழைப் பிள்ளையின் உடம்புக்கு வந்தது. கிழிந்த துணியோடு பள்ளிக்கூடம் போக வெட்கப்பட்டு மாடு மேய்க்கப் போன பிள்ளையைத் திரும்ப அழைத்து வரக் கொடுத்த துணி அது. அதில் டை கிடையாது. பக்கிள் கிடையாது.

நான் போட்டது காக்கி டவுசர், வெள்ளைச் சட்டை. டவுசருக்குப் பின்னால் இரண்டு கிழிசல் விழுந்தால் தபால் பெட்டி என்பார்கள். என் தபால் பெட்டியில் பெஞ்சுக்குப் பெஞ்சு கடிதம் போட்டார்கள். சொட்டு நீலம் கூடிப்போய்ச் சட்டை ஆகாய நிறத்தில் காயும். இஸ்திரிப் பெட்டி இல்லாத வீடு. தலையணைக்கு அடியில் மடித்து வைத்துப் படுத்தால் காலையில் மடிப்பு விழுந்திருக்கும், அல்லது சொம்பில் நெருப்புத் துண்டு போட்டு அம்மா தேய்ப்பாள். பண்ணையார் மகனும் அதே காக்கிதான். அவன் துணி புதுசு, என் துணி பழசு, நிறம் ஒன்று. சமத்துவம் முழுசாக வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கால்வாசியாவது வந்தது.

இன்றைக்கும் அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு, எட்டாம் வகுப்பு வரை, வருடத்துக்கு நான்கு செட் துணி விலையில்லாமல் கொடுக்கிறார்கள். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கிறார்கள். ஒருவனுக்குத் தொளதொளவென்று, இன்னொருவனுக்கு முழங்காலுக்கு மேலே. இருக்கட்டும். அந்தத் துணியை ஒரு பெண் கூலி வாங்கித் தைக்கிறாள், ஒரு பிள்ளை காசு கொடுக்காமல் போட்டுக்கொள்கிறான். இந்தக் கட்டுரையில் நான் கும்பிடப்போகும் ஒரே சீருடை அதுதான்.

மற்றதைக் கும்பிடச் சொல்லாதீர்கள். பள்ளி திறந்த பிறகு ஒருநாள் பெரியவனோடு ஆட்டோவில் திரும்பும்போது சிக்னலில் இரண்டு பிள்ளைகள் எதிரே சாலையைக் கடந்தார்கள். பெரியவனுக்கு ஒன்பது வயது. "தாத்தா, அது கவர்ன்மென்ட் ஸ்கூல்" என்றான். எப்படிடா தெரியும் என்றேன். "டிரெஸ்ஸைப் பார்த்தாலே தெரியுமே." பிறகு வழி நெடுக அவனாகவே சொல்லிக்கொண்டு வந்தான். இது சிபிஎஸ்இ, இது மெட்ரிக், இது ஏசி பஸ் வர்ற ஸ்கூல். பழைய நாளில் ஒருவன் கட்டிய வேட்டியையும் துண்டு போட்ட இடத்தையும் பார்த்து அவன் எந்தத் தெரு என்று சொல்வார்கள். அந்த வித்தை செத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை. வருடத்துக்கு இரண்டு தவணை கட்டி அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பள்ளிக்குள்ளே எல்லாரும் ஒன்று என்று சீருடை சொல்கிறதாம். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே ஃபீஸ் கட்டியவர்கள்தானே, ஒன்றாக இல்லாமல் என்ன செய்வார்கள்? தெருவில்தான் சமத்துவம் வேண்டும். தெருவுக்கு வந்ததும் அதே துணி விலைச்சீட்டாகிவிடுகிறது.

இவர்கள் சமத்துவத்தை எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு நீதிமன்றத்திலேயே பதிவு இருக்கிறது. 2010-ல் தமிழ்நாடு, மெட்ரிக் உட்பட மாநில வாரியப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே பாடத்திட்டம் என்று சமச்சீர் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. கட்டம் போட்ட சட்டையில் சமத்துவம் நெய்தவர்கள் வரவேற்றிருக்க வேண்டும் அல்லவா? வழக்குப் போட்டார்கள். அடுத்து வந்த ஆட்சி அதைத் தள்ளிப்போடப் பார்த்தது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் உடனே நடத்து என்று சொல்லும்வரை பிள்ளைகள் புத்தகமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கல்வி உரிமைச் சட்டம், கால்வாசி இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடு என்றது. அதற்கும் தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன. ஒரே துணி இனிக்கிறது. ஒரே புத்தகம் கசக்கிறது. ஏழை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் குமட்டுகிறது. துணி விற்கலாம், சமத்துவத்தில் கமிஷன் கிடையாதே.

இவர்களைவிட நேர்மையானவன் எங்கள் தெருமுனை ஜவுளிக்கடைக்காரன். ஆடித் தள்ளுபடி என்று போர்டு வைத்து விற்கிறான், ஆன்மிகம் என்று சொல்வதில்லை. பள்ளிகள் சீருடையும் புத்தகமும் விற்கும் கடையாகக் கூடாது என்று சிபிஎஸ்இ 2017-ல் சுற்றறிக்கை விட்டது. அந்தச் சுற்றறிக்கை எந்தக் கோப்பில் தூங்குகிறதோ, அதற்கும் ஒரு சீருடை போட்டு, டை கட்டி, பத்திரமாக வைத்திருப்பார்கள்.

டையைப் பற்றி ஒரு வார்த்தை. பதினேழாம் நூற்றாண்டில் குரோவேஷியச் சிப்பாய்கள் கழுத்தில் கட்டிய துணியைப் பாரிஸ்காரன் பார்த்து ஆசைப்பட்டான். அவனைப் பார்த்து இங்கிலாந்துக்காரன் கட்டினான். அவனைப் பார்த்து நாம் கட்டினோம். அவர்களுக்காவது குளிருக்கு ஆகும். வெயில் தாங்காது என்று 2023-லும் 2024-லும் பள்ளித் திறப்பையே ஜூன் இரண்டாவது வாரத்துக்குத் தள்ளிவைத்த மாநிலம் இது. டையை மட்டும் யாரும் தள்ளிவைக்கவில்லை. பாலியஸ்டர் சட்டை, மூடிய ஷூ, கழுத்தில் சுருக்கு. வியர்க்குருவுக்குப் பவுடர் போட்டு அனுப்பிவைக்கிறோம், எதிர்காலக் கனவான்களை. இன்னொரு வேடிக்கை. இங்கிலாந்தில் பள்ளிச் சீருடைக்குப் பெயர்போன கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளி 1552-ல் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அவர்களுடைய நீலக் கோட்டு தருமப் பிள்ளை என்பதன் அடையாளம். பணக்காரப் பள்ளிகள் பின்னால்தான் சீருடைக்கு வந்தன. ஏழையிடமிருந்து துணியைக்கூட விடாமல் உருவிக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் மட்டும் பிறந்ததல்ல.

ஒழுக்கம் என்பார்கள். சரி, ஒழுக்கத்தைப் பார்ப்போம். செருப்பு போட்டு வந்த பிள்ளையைப் பிரேயரில் தனியாக நிறுத்தி வைப்பது ஒழுக்கம். பன்னிரண்டு வருடம் இப்படி ஷூவை ஊட்டி வளர்த்து, கடைசியில் நீட் எழுத அனுப்பினால் அங்கே ஷூ போட்டு வரக் கூடாது, செருப்புதான் போட வேண்டும் என்கிறார்கள். முழுக்கைச் சட்டை கண்ணியம் என்று நம்பிப் போன பிள்ளைகளின் சட்டைக் கையை 2017-ல் தேர்வு மைய வாசலிலேயே கத்தரிக்கோலால் வெட்டினார்கள். ஒழுக்கம் எது என்று பிள்ளைக்குக் கடைசி வரை தெரியாது. வாசலில் நிற்பவன் சொல்வதுதான் ஒழுக்கம் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்துவிடும். அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே இத்தனை வருடமும்.

பெண் பிள்ளைக்கு இதில் இரட்டைப் பங்கு. மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், ரிப்பன், தோளில் பின் குத்திய துப்பட்டா, அதற்கு மேலே ஒரு கோட்டு. அத்தனை அடுக்கும் அவளுக்காக அல்ல, பார்க்கிறவன் கண்ணுக்காக. அந்தக் கண்ணுக்கு ஒரு சீருடை தைக்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்து மாநிலத்தில் இதே சீருடையைத் தடியாகவே பயன்படுத்தினார்கள். உடுப்பியில் ஓர் அரசு மகளிர் கல்லூரி வாசலில் ஹிஜாப் அணிந்து வந்த மாணவிகளைத் தடுத்ததில் தொடங்கிய வம்பு. 2022 பிப்ரவரி 5 அன்று கர்நாடக அரசு ஆணை போட்டது; மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது; அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். இடையில் பள்ளி வாசலில் டிவி கேமராக்களுக்கு முன்னால் பிள்ளைகளும் டீச்சர்களும் முக்காட்டைக் கழற்றினார்கள். பெண் படிக்க வந்ததைத் தவிர அங்கே வேறு குற்றம் நடக்கவில்லை. தலையில் கிடக்கும் ஒரு முழம் துணி சமத்துவத்தைக் குலைத்துவிடுமாம். நாற்பது விதமான ஃபீஸ் குலைக்காதாம்.

நாம் யோக்கியர்கள் என்று சிரிக்க வேண்டாம். நம் பிள்ளைகளின் சீருடைக் கைக்குக் கீழே, மணிக்கட்டில் பாருங்கள். சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு. 2019-ல் பள்ளிக் கல்வி இயக்குநர் அதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டார். எதிர்ப்புக் கிளம்பியதும், அது தனக்குத் தெரியாமல் போனது என்று அமைச்சர் கையை உதறினார். கயிற்றை அவிழ்க்கச் சொன்ன தாள்தான் அவிழ்ந்து விழுந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பகலில் எல்லாரும் ஒரே நிறச் சீருடை போட்டவர்கள். ஒரு நூல் வித்தியாசம் இல்லாத சமத்துவம். நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது: கயிறு வேண்டாம், நெற்றி அடையாளம் வேண்டாம், சைக்கிளில் சாதி நிறம் பூச வேண்டாம். அரசு இலவசமாகக் கொடுத்த சைக்கிளுக்கும் நாம் சாதி நிறம் அடித்திருக்கிறோம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அறிக்கையின் மை காய்வதற்குள் உணர்வு புண்பட்டது என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். வெட்டுப்பட்ட பிள்ளையின் புண்ணுக்கு அத்தனை பேர் கிளம்பவில்லை.

ஷூவுக்குப் பாலிஷ் இல்லையென்றால் முப்பதடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கும் பி.டி. மாஸ்டருக்கு மணிக்கட்டு மட்டும் தெரிவதில்லை. சில இடங்களில் அவர் மணிக்கட்டிலும் அதே நிறம் இருப்பதுதான் காரணமோ என்னவோ.

எடுத்துவிடலாமே சீருடையை, கலர் டிரெஸ்ஸில் வரட்டுமே என்று நாகரிகமான நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பிறந்தநாள் கதை தெரியாது. பிறந்தநாளன்று மட்டும் கலர் டிரெஸ் போட்டு வரலாம், மிட்டாய் கொடுக்கலாம் என்பது பல பள்ளிகளில் உள்ள வழக்கம். புதுத்துணி எடுக்க வழியில்லாத பிள்ளை அன்றைக்குச் சீருடையிலேயே வந்து, யாரிடமும் சொல்லாமல், பிறந்தநாளை ஒளித்துக்கொண்டு திரும்பிவிடும். வருடம் முழுக்கப் பிறந்தநாளாக்கி அந்தப் பிள்ளையைத் தினம் ஒளியவைக்க எனக்கு மனமில்லை.

அதனால் நானும் சீருடைக் கட்சிதான். முழுசாக, சுத்தமாக, கடைசி வரைக்கும் அந்தக் கட்சி. ஊட்டி மலை மேலே இருக்கும் உறைவிடப் பள்ளியிலிருந்து எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி வரைக்கும் ஒரே துணி, ஒரே நிறம், அதே கூட்டுறவுச் சங்கத் தையல். தாளாளர் மகனுக்கும் தொளதொள டவுசர். கலெக்டர் மகளுக்கும் அதே. பக்கிள் இல்லாத பெல்ட். அரசு நாளைக்கு இப்படி ஓர் ஆணை போட்டுப் பார்க்கட்டும். சமத்துவம் சமத்துவம் என்று பட்டியல் அச்சடித்தவர்கள் சாயங்காலத்துக்குள் தனிமனித சுதந்திரத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மறுநாள் காலை பத்தரைக்கு உயர் நீதிமன்றத்தில் வரிசையாக நிற்பார்கள், டோக்கன் வாங்கிக்கொண்டு.

சின்னவனுக்கு சைஸ் 24. நான்கு கோட்டுச் சட்டை மூன்று எடுத்துக்கொடுத்தேன். பெட்டியிலிருந்த மூன்று கோட்டுச் சட்டைகளை மருமகள் ஒரு நாள் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்காவது கொடுக்கலாம் என்றால், முத்திரை பொறித்த சட்டையை எந்தப் பிள்ளை எங்கே போட்டுக்கொள்ளும்? கடைசியில் கத்தரித்துவிட்டாள். நல்ல கனமான துணி. இப்போது எங்கள் வீட்டில் சமத்துவத்தை மடித்துப் பிடித்துத்தான் குழம்புச் சட்டியை இறக்குகிறார்கள். கை சுடுவதில்லை என்கிறாள்.