மில்லு பக்கம் மட்டும் போயிடாதே, ராசா

நீ சொல்றது ரொம்பச் சரி, ராசா. வேதியியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவன் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே காலே வைக்கக் கூடாது. வெச்சா மாசக் கடைசியில சம்பளம்னு ஒண்ணு பேங்குல வந்து விழுந்துடும். அதைப் பார்த்ததும் உங்கம்மா பொண்ணு பார்க்கக் கிளம்பிடுவா. இப்போ உனக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்ல. செமஸ்டருக்கு ஒரு ஒப்பந்தம், பாடம் எடுத்த மணிக்கு இத்தனை வெள்ளி, லீவு விட்டா அதுவும் கிடையாது. பழனி மலைச் சாமியார்கூட இவ்வளவு பற்றில்லாம வாழ முடியாது.

உங்க துறையில ஒரு பேராசிரியர் ரிட்டையராகப் போறார், அந்த இடம் உனக்குத்தான்னே. சந்தோஷம். ஆளு எப்படின்னு விசாரிச்சேன். தினமும் காலையில ஓடுறாராம், இனிப்பே தொட மாட்டாராம். காத்திரு. இலவு காத்த கிளிக்கு டாக்டர் பட்டம் இல்ல, உனக்கு அதுவும் இருக்கு. ஒரு பேராசிரியர் தன் காலத்துல பத்து இருபது பேரை டாக்டராக்கி விடுறார். அவர் எழுந்து போனா காலியாகுறது ஒரு நாற்காலி. நான் தோட்டத்துப் பள்ளியோட நின்னவன். இந்தக் கணக்கை நீயே வகுத்துப் பாரு.

படிச்சவன் வெளியே வந்தா என்ன அக்கிரமம் நடக்கும்ங்கறதுக்கு உன் பாட்டியே சாட்சி. செம்பனையில ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஒரே மரத்துல இருந்தாலும் ஒண்ணு விரியுற காலத்துல மற்றது விரியாது. அதனால பாட்டி காலத்துல பொம்பளையாளுங்களை வெச்சு, மகரந்தத்தை டால்கம் பவுடர்ல கலந்து, மரம் மரமா போய்ப் பெண் பூவுல ஊதச் சொல்லுவாங்க. எந்தப் பூ பக்குவமாயிருக்குன்னு பார்த்துத்தான் ஊதணும்; தப்பினா குலையில பாதி காயாவே புடிக்காது. சாயங்காலம் லயத்துக்கு வந்தா பாட்டி முகம், முடி, இமையெல்லாம் வெள்ளை. சேலையில பூவோட சோம்பு வாசம் ராத்திரி வரைக்கும் போகாது.

காத்துதான் செம்பனை மகரந்தத்தைக் கொண்டு சேர்க்குதுன்னு அப்போ பெரிய படிப்பெல்லாம் சொல்லிச்சு. லெஸ்லி டேவிட்சன்னு ஒரு தோட்டத்துரை, யூனிலீவர் கம்பெனிக்காரர், மலாயாவுல வேலை பழகிட்டு ஆப்பிரிக்காவுல கேமரூனுக்குப் போனார். அங்கே எந்தப் பொம்பளையும் ஊதலை. குலை மட்டும் கொழுகொழுன்னு காய்ச்சிருந்துச்சு. கிட்டப் போய்ப் பார்த்தா, ஆண் பூவுல வண்டு மொய்க்குது. இதைச் சொன்னப்போ அவர் பேச்சை யாரும் காதுல போட்டுக்கல. விஞ்ஞானியில்லையே, துரைதானே! கம்பெனியில பெரிய இடத்துக்கு வந்தப்புறம் ரஹ்மான் சையத்னு ஒரு பாகிஸ்தான் பூச்சி விஞ்ஞானியைப் பிடிச்சு அங்கே அனுப்பினார்.

சையத் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்ல. பூச்சியைப் பூச்சியாலேயே அடக்கற வழி தேடுற காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்து ஆளு. அவருக்குத் தலைவலி கொடுத்தது வண்டைக் கண்டுபிடிக்கிறது இல்லையாம். இந்த வண்டு வேற பயிரைத் தின்னாதுன்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணுமே, அதுதான். அங்கேயும் சோதனை, இங்கே கொண்டுவந்து அடைச்சு வெச்சு மறுபடியும் சோதனை. கடைசியா 1981 பிப்ரவரியில நாட்டிலேயே முதல்ல அதைத் திறந்துவிட்டது எங்கே தெரியுமா? நம்ம ஜோகூர்ல, குளுவாங் பக்கம் மாமோர் தோட்டத்துல. எலைடோபியஸ் கமெருனிக்கஸ்னு பேரு; மூணு நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும். சோம்பு வாசத்துக்கு மயங்கி ஆண் பூவுல குடியிருக்கும், அதே வாசம் பெண் பூவுலயும் வந்தா ஏமாந்து அங்கே போகும், உடம்புல ஒட்டின தூளைக் கொட்டிட்டு வரும். சம்பளம் கேக்காது, தீபாவளிக்கு லீவு கேக்காது. குலை கனத்துச்சு, ஊதுகுழாய் பரணுக்குப் போச்சு. பாட்டியை உதிரிப்பழம் பொறுக்க மாத்திட்டாங்க. இன்னைக்கும் செம்பனை வண்டைப் பார்த்தா அவ வாயில வர்றதை நான் எழுத முடியாது. ஆராய்ச்சியால பலன் யாருக்கு, பாரம் யாருக்குன்னு உன் வகுப்புல கேள்வி வந்தா பாட்டியைக் கூட்டிட்டுப் போ.

இப்போ செம்பனை எண்ணெய் மில்லுக்கு வருவோம். கூட்டாளியைப் பார்க்கப் போனவன் அங்கே லேப்புக்குள்ள எட்டிப் பார்த்தேன். உன் வயசுகூட ஆகாத ஒரு பொண்ணு. குடுவையில எண்ணெயை எடுத்துச் சூடான ஆல்கஹால்ல கரைச்சு, ஏதோ சொட்டு விட்டு, மேலேருந்து காரத்தைத் துளித்துளியா இறக்குறா. ஆட்டிக்கிட்டே இருக்கா. திடீர்னு ரோஸ் கலர் வந்து நின்னுச்சு. உடனே கால்குலேட்டரைத் தட்டினா, முகம் சுளிச்சா, போனை எடுத்தா. பழம் கொட்டுற மேட்டுல இருந்த மண்டோருக்குச் செம ஏச்சு. குலையை ராத்திரி பூரா போட்டு வெச்சிருக்கானுங்க. அடிபட்ட பழத்துல ஒரு நொதி எண்ணெயை உடைச்சு அமிலமாக்கிடும், ஆவியில வேக வெச்சாத்தான் அது அடங்கும், அமிலம் 5 சதவீதம் தாண்டினா வாங்குறவன் விலையை வெட்டுவான்னு எனக்கே பாடம் எடுத்தா. இதே சோதனையைத்தானே நீ முதலாம் ஆண்டுப் பிள்ளைங்களுக்குச் செஞ்சு காட்டி பத்துக்கு ஏழு போடுறே? அவ செஞ்சா மீசை வெச்ச மண்டோர் நடுங்குறான். பொண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் ஆகாது, பாரு. அந்தப் பக்கம் போயிடாதே.

பின்னாடி கழிவுக் குளங்களையும் பார்த்தேன். கறுப்புத் தண்ணி குளம் குளமா மாறி, நுண்ணுயிருங்க தின்னு தின்னு தெளிஞ்சு வருது. 1977லேயே இதுக்கு விதி வந்துடுச்சு. இத்தனைக்கு மேல அழுக்கு ஆத்துல விழக் கூடாதுன்னு அளவு இருக்கு. அளக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். 2019 மார்ச்சுல பாசிர் கூடாங் கிம் கிம் ஆத்துல ரசாயனக் கழிவைக் கொட்டி, பிள்ளைங்க மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்களே, 111 பள்ளிக்கூடத்தை மூடினாங்களே, மறந்துட்டியா? காத்துல என்ன கலந்திருக்குன்னு சொல்லத் தெரிஞ்சவனைத்தான் அன்னைக்கு ஊரே தேடிச்சு. இந்த ஒரு விஷயத்துல நான் கிண்டல் பண்ணல.

பெங்கெராங்ல பெட்ரோனாசும் சவூதி அராம்கோவும் சேர்ந்து நாளைக்கு 3 லட்சம் பீப்பாய் சுத்திகரிக்கிற ஆலை கட்டியிருக்காங்க, கூலாய் பக்கம் டேட்டா சென்டர் முளைக்குது, பாலத்தைத் தாண்டினா சிங்கப்பூர். உனக்கெதுக்கு அந்த வம்பெல்லாம்.

வெளியே பாலும் தேனும் ஓடுதுன்னு நான் சொல்லல. ராத்திரி ஷிப்ட் வரும். உன்னை விடக் கம்மியாப் படிச்சவன் மேலதிகாரியா உக்கார்ந்து ரிப்போர்ட்டை ஒரே பக்கத்துல கேப்பான். நீ கண்டுபிடிச்சது கம்பெனி சொத்து, பேப்பர்ல உன் பேரு வராது. இதெல்லாம் நிஜமான நஷ்டம்.

என் பேச்சைக் கேக்காம இன்டர்வியூவுக்குப் போறதா இருந்தா ஒண்ணு ரெண்டு சொல்றேன். ஆராய்ச்சித் தலைப்பை ஆரம்பிக்காதே. அது முடியறதுக்குள்ள மேனேஜர் பசியாறப் போயிடுவார். பழைய மெஷினை நீயே பிரிச்சு ஓட்டினதைச் சொல்லு. காசில்லாம கெமிக்கல் கடன் வாங்கி வேலையை முடிச்சதையும், கண்ணாடி உடைக்கிற பிள்ளைங்களை ஒருத்தருக்கும் காயமில்லாம மேய்ச்சதையும் சொல்லு. சம்பளம் எவ்வளவு வேணும்னு கேட்டா, ‘பாத்துக் குடுங்க சார்’னு நெளியாதே. அந்த வியாதி கிராணிகிட்ட கை கட்டி நின்ன எங்களோட போகட்டும். ஒரு தொகையைச் சொல்லிட்டு வாயை மூடிக்க.

அப்புறம் நல்ல பூட்ஸா போட்டுட்டுப் போ. மில்லுத் தரையில எண்ணெய் வழுக்கும். எவனாவது விழுந்து, ‘டாக்டரைக் கூப்பிடுங்க’ன்னு சத்தம் கேட்டா, நீ எழுந்து நிக்காதே.